எந்தச் சிகரம் உண்மையான மோடு? தேர்ந்தெடுக்க நான்கு வழிகள்

அளவு எடுத்தாயிற்று. திரையில் பத்துப் பதினைந்து சிகரங்கள் நிற்கின்றன. இவற்றில் எவை அந்தக் கட்டமைப்பின் சொந்த மோடுகள், எவை இன்ஜினால் வந்தவை, எவை அலை, எவை வெறும் இரைச்சல்? இறங்குதுறையில் சென்சார் வைத்து இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் ராமநாதபுரம், கீழக்கரை மாணவர்களும், மண்டபம் பக்கம் விசைப்படகின் அதிர்வைக் குறைக்கப் பாடுபடும் பொறியாளர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். சிகரத்தைப் பார்த்துப் பொறுக்குவதா, சிஎம்ஐஎஃப் (எல்லா சென்சார்களின் தரவையும் சேர்த்து வரையும் வளைவு) போடுவதா, ஸ்டெபிலைசேஷன் வரைபடமா, இல்லை மென்பொருளே தானாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

ஒரு பொருளை அசைத்துவிட்டால், அது தனக்கென்று உள்ள சில அதிர்வெண்களில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவத்தோடு, மெல்லத் தணிந்தபடி ஆடும். அதிர்வெண், வடிவம், டேம்பிங் (எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பது) இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு மோடு. தனித்து நிற்கும் ஒரு மோடின் அதிர்வெண்ணை மட்டும் கேட்டால் நான்கு வழிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். டேம்பிங்கும் வடிவமும் கேட்கும்போதுதான் அவை பிரிகின்றன. அதனால் விடையை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், முறையைத் தேர்வது பாதி முடிந்த மாதிரி.

## முறைக்கு முன்னால் கேட்க வேண்டியவை

விசை யாருடையது? சுத்தியலால் நாமே தட்டினால் கொடுத்த விசையும் வந்த அதிர்வும் கையில் இருக்கும். இரண்டின் விகிதமான எஃப்ஆர்எஃப் கிடைக்கும். இறங்குதுறை, பாலம் போன்றவற்றைக் கைச்சுத்தியலால் அசைக்க முடியாது. காற்றும் அலையும் வண்டிகளும்தான் அசைக்க வேண்டும். அப்போது விசை எவ்வளவு என்று தெரியாது. எல்லா அதிர்வெண்ணிலும் அது சமமாகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம்.

நம் கரையில் இந்த எண்ணம் அப்படியே செல்லாது. வடகடலில் (பாக் விரிகுடா) காற்று கிளப்பும் அலை சில நொடிக்கு ஒன்றாக வரும். தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலை பத்து நொடியை ஒட்டி இருக்கும், சில சமயம் அதற்கு மேலும். ஆகவே 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சிகரம் தெரிந்தால், அது அலையினுடையதா என்று முதலில் பார்க்க வேண்டும். கச்சான் காற்றில் (தென்மேற்குப் பருவக் காற்று) எடுத்த அளவிலும் வாடையில் எடுத்த அளவிலும் அதே இடத்தில் நிற்கும் சிகரத்தைத்தான் கட்டமைப்பினுடையது என்று நம்பலாம்.

டேம்பிங் வேண்டுமா? வேண்டாம் என்றால் வேலை பாதியாகக் குறையும். வேண்டுமென்றால் அளக்கும் நேரம், விண்டோ (தரவுத் துண்டின் ஓரத்தைத் தணிக்கப் பெருக்கும் வளைவு), முறை எல்லாமே மாறும்.

மோடுகள் எவ்வளவு நெருக்கம்? வட்டக் குழாய்த் தூண், கலங்கரை விளக்கம், சதுர மேடை போன்ற சமச்சீரான கட்டமைப்புகளில் வடக்கு-தெற்கு ஆட்டமும் கிழக்கு-மேற்கு ஆட்டமும் கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண்ணில் விழும். ஒரு சிகரத்துக்குள் இரண்டு மோடுகள் இருப்பது இங்கே சாதாரணம்.

ஒரு முறையா, தினமுமா? ஒரே ஒரு அளவு என்றால் மனிதக் கண் போதும். மணிக்கு ஒரு தரம் விடை வேண்டுமென்றால் கண்ணால் முடியாது.

## சிகரத்தைப் பார்த்துப் பொறுக்குவது

மிகப் பழைய வழி. ஒரு சென்சார் இருந்தாலே தொடங்கலாம். கைபேசியில் உள்ள ஆக்சிலரோமீட்டரையும் ஃபைஃபாக்ஸ் போன்ற செயலியையும் வைத்தே முதல் மதிப்பீடு செய்துவிடலாம். சுத்தியல் அளவு என்றால் வெறும் உயரத்தைப் பார்க்காமல் எஃப்ஆர்எஃப்பின் கற்பனைப் பகுதியைப் பாருங்கள் (எஃப்ஆர்எஃப் ஒரு சிக்கலெண்). முடுக்கத்தை விசையால் வகுத்த எஃப்ஆர்எஃப்பில், மோடு இருக்கும் இடத்தில் கற்பனைப் பகுதி உச்சம் தொடும், மெய்ப்பகுதி பூச்சியத்தைக் கடக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் அந்த உச்சத்தின் அளவையும் குறியையும் வரைந்தால் மோடு வடிவமே வந்துவிடும்.

இது நன்றாக வேலை செய்யும் இடம் இன்ஜின் பெட். அங்கே கேள்வி ஒன்றுதான்: இன்ஜின் ஓடும் வேகத்தோடு பெட்டின் சொந்த அதிர்வெண் மோதுகிறதா? 1500 ஆர்பிஎம்மில் ஓடும் ஆறு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின் 25 ஹெர்ட்ஸிலும், எரிப்புத் துடிப்பால் 75 ஹெர்ட்ஸிலும் அடிக்கும். கியர் 3-க்கு 1 என்றால் ஷாஃப்ட் 500 ஆர்பிஎம், அதாவது 8.3 ஹெர்ட்ஸ். அதில் மூன்று இலை புரொப்பல்லர் இருந்தால் இலைகளின் துடிப்பு 25 ஹெர்ட்ஸ். இன்ஜின் சுழற்சியோடு ஒரே இடத்தில் வந்து உட்காருகிறது. நாலு இலைக்கு மாறினால் 33.3 ஹெர்ட்ஸ். பெட்டின் சிகரம் இந்த எண்களிலிருந்து விலகி நிற்கிறதா என்று சொல்ல இந்த எளிய வழியே போதும். பெரிய மென்பொருள் தேவையில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்க்கக் கரையேறும். சுத்தியல் அளவுக்கு அதைவிட வசதியான நேரம் இல்லை. ஆனால் கரையில் நிற்கும் படகும் கடலில் மிதக்கும் படகும் அதிர்வுக் கணக்கில் வேறு வேறு. மிதக்கும்போது உடற்பகுதியோடு சேர்ந்து நீரும் அசைவதால் நிறை கூடுகிறது, அதிர்வெண் இறங்குகிறது. கரையில் தாங்கும் கட்டைகளின் விறைப்பு தனியாக வந்து சேர்கிறது. படகு முழுவதும் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை வளையும் மோடைக் கரையில் அளந்துவிட்டு, அதைக் கடலுக்குப் பொருத்தக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு டேம்பிங்கில். சிகரத்தின் அகலத்தை வைத்து டேம்பிங்கைக் கணக்கிடுகிறோம். 3 ஹெர்ட்ஸில் 1 சதவீத டேம்பிங் உள்ள மோடின் அரைத்திறன் அகலம் (சிகரத்தின் இரு பக்கமும் திறன் பாதியாகும் இடங்களுக்கு இடையிலான தூரம்) 0.06 ஹெர்ட்ஸ்தான். தரவை 16 நொடித் துண்டுகளாக வெட்டி எஃப்எஃப்டி (நேரத் தரவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்தால் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 0.0625 ஹெர்ட்ஸ். சிகரத்தின் மொத்த அகலமும் ஒரு இடைவெளிக்குள் மறைந்துவிடுகிறது. ஹானிங் விண்டோ அதை இன்னும் விரிக்கிறது. வரும் டேம்பிங் எண் உண்மையைப்போல சில மடங்கு இருக்கும். அகலத்துக்குள் ஐந்து கோடுகளாவது விழ வேண்டுமானால் ஒவ்வொரு துண்டும் 80 நொடிக்கு மேல் வேண்டும், அப்படிப் பல துண்டுகளும் வேண்டும்.

சுத்தியல் அளவில் எக்ஸ்பொனென்ஷியல் விண்டோவும் இதே வேலையைச் செய்கிறது. நேர மாறிலி 0.5 நொடி என்றால் 5 ஹெர்ட்ஸ் மோடுக்குச் செயற்கையாகச் சேரும் டேம்பிங் 6.4 சதவீதம். சூத்திரப்படி கழித்துவிடலாம். ஆனால் உண்மையில் 1 சதவீதம் உள்ள ஒன்றை அறிய 7.4-லிருந்து 6.4-ஐக் கழிக்கிறோம் என்றால், முதல் எண்ணில் உள்ள சின்னப் பிழைகூட விடையை விழுங்கிவிடும்.

## சிங்குலர் மதிப்பு வளைவுகள்

எல்லா சென்சார்களின் தரவையும் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒரு மேட்ரிக்ஸாக அடுக்கி, சிங்குலர் மதிப்புகளாக (அங்கே எத்தனை தனித்தனி அசைவுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று காட்டும் எண்கள்) பிரித்து வரைவது. சுத்தியல் அளவுக்கு இதன் பெயர் சிஎம்ஐஎஃப். விசை தெரியாத அளவுக்கு, 2000-இல் பிரிங்கர், சாங், ஆண்டர்சன் மூவரும் முன்வைத்த எஃப்டிடி. முதல் வளைவு எல்லா மோடுகளையும் ஒரே படத்தில் காட்டும். அதே அதிர்வெண்ணில் இரண்டாம் வளைவும் எழுந்து நின்றால், அங்கே இரண்டு மோடுகள் ஒட்டி நிற்கின்றன. இறங்குதுறை மேடையின் இரண்டு பக்க ஆட்டங்களை இது பிரித்துக் காட்டுவதைப் பார்த்தால், ஒற்றை ஸ்பெக்ட்ரத்தை வைத்து முடிவு செய்ய மனம் வராது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அது அளக்கும்போதே கட்ட வேண்டிய விலை. சுத்தியலால் ஒரே இடத்தில் தட்டிப் பல சென்சாரில் அளந்தாலும், ஒரே சென்சாரை வைத்துக்கொண்டு பல இடத்தில் தட்டினாலும், ஒரே ஒரு வளைவுதான் வரும். இரண்டாம் வளைவு வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு குறிப்புப் புள்ளிகள் (மாறாமல் வைத்துக்கொள்ளும் தட்டும் இடம் அல்லது சென்சார் இடம்) வேண்டும். வேலை இரட்டிப்பாகும். வீட்டுக்கு வந்து கணினி முன் உட்கார்ந்த பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை. விசை தெரியாத அளவில் எல்லா சென்சாரும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும்; தனித்தனிக் கைபேசிகளை வைத்து இதைச் செய்ய முயல வேண்டாம்.

இன்னொரு இடறல்: வளைவுகள் அளவு வரிசையில் வரையப்படுவதால், இரண்டு மோடுகளின் செல்வாக்கு சமமாகும் இடத்தில் முதல் வளைவு பள்ளமாகும், இரண்டாவது கூர்மையாக எழும். அது மோடு இல்லை. அந்த இடத்தின் இரு பக்கமும் சிங்குலர் வெக்டரை (அந்த மதிப்போடு வரும் வடிவம்) எடுத்து ஒப்பிட்டால், வடிவம் சட்டென்று இடம் மாறுவது தெரிந்துவிடும்.

அதிர்வெண்ணும் வடிவமும் போதும், ஒன்றிரண்டு நாளில் விடை வேண்டும் என்றால் நான் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

## ஸ்டெபிலைசேஷன் வரைபடம்

இங்கே சிகரத்தைப் பார்ப்பதில்லை. தரவுக்கு ஒரு கணித மாதிரியைப் பொருத்துகிறோம். மாதிரியின் ஆர்டரை (அதன் சிக்கல் அளவை) 2, 4, 6 என்று 60, 80 வரை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு ஆர்டரிலும் வரும் போல்களை (மாதிரி தரும் அதிர்வெண்-டேம்பிங் ஜோடிகளை) புள்ளியாக வைக்கிறோம். உண்மையான மோடு எந்த ஆர்டரிலும் அதே அதிர்வெண்ணில் வந்து நிற்கும், புள்ளிகள் செங்குத்துத் தூணாக எழும். இரைச்சலுக்காக மாதிரி கண்டுபிடித்த கணிதப் போல்கள் அங்கங்கே சிதறும். அடுத்தடுத்த ஆர்டர்களுக்கு இடையே அதிர்வெண் 1 சதவீதத்துக்குள்ளும் டேம்பிங் 5 சதவீதத்துக்குள்ளும் இருந்து, வடிவமும் ஒத்துப்போனால் அந்தப் போல் நிலையானது என்று குறிப்பது வழக்கம்.

இதற்குள்ளும் தேர்வு உண்டு. 2004-இல் பீட்டர்ஸும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட பாலிமேக்ஸ் முறையில் கணிதப் போல்கள் பெரும்பாலும் எதிர்க்குறி டேம்பிங்கோடு வந்து தாமே விலகிவிடுவதால் படம் சுத்தமாக இருக்கும். விசை தெரியாத தரவுக்கு அதிகம் பயன்படும் எஸ்எஸ்ஐ முறையில் புள்ளிகள் நிறைய விழும், படம் அழுக்காகத் தெரியும். படம் சுத்தமாக இருப்பதால் மட்டும் விடை சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; பாலிமேக்ஸ் இரைச்சலை மறைக்கிறதே தவிர, தரவில் இருந்த இரைச்சல் எங்கும் போய்விடவில்லை. அதிக டேம்பிங் உள்ள மோடுகளில் அது டேம்பிங்கைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டேம்பிங் வேண்டும், மோடுகள் நெருக்கம் என்ற இரண்டும் சேர்ந்தால் இந்த வழிதான். அதில் எனக்கு ஐயம் இல்லை.

செலவு மனித நேரத்தில் இருக்கிறது. ஒரு தூணில் முப்பது புள்ளிகள் இருக்கும், எதை எடுப்பது? அதிர்வெண் முப்பதிலும் ஏறக்குறைய ஒன்று. டேம்பிங் மேலே போகப் போக மாறும். ஒரே தரவை இரண்டு பேரிடம் கொடுத்தால் அதிர்வெண்கள் ஒத்துப்போகும், டேம்பிங் எண்கள் ஒத்துப்போகாது. அதனால் ஒரு புள்ளியை மட்டும் சொடுக்கி எடுக்காமல், தூண் முழுவதின் நடு மதிப்பையும் பரவலையும் சேர்த்து எழுதுங்கள். அறிக்கையில் “டேம்பிங் 1.1 சதவீதம்” என்பதைவிட “0.9-லிருந்து 1.4 வரை” என்பது படிப்பவருக்கு நேர்மையான தகவல்.

ஆர்டரை மிக உயர்த்தினால் ஒரு மோடு இரண்டு தூணாகப் பிளக்கும். இரண்டின் வடிவமும் ஒன்றாகவே இருந்தால் அது பிளவு, நெருக்கமான இரண்டு மோடுகள் இல்லை. அளக்கும் நேரத்திலேயே கட்டமைப்பு மாறினாலும் இப்படி ஆகும். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அதனால் வரும் மாற்றம் பெரிதில்லை. அளக்கும்போது மேடையில் ஐஸ் வண்டி வந்து நின்றால் அந்தப் பாரம் கண்டிப்பாகத் தெரியும்.

மென்பொருள் விலை இப்போது தடையில்லை. பைத்தானில் எஸ்எஸ்ஐ, எஃப்டிடி இரண்டுக்கும் பைஓமா, சுத்தியல் அளவுக்குப் பைஇஎம்ஏ என்று திறந்த மூல நூலகங்கள் இருக்கின்றன. கற்றுக்கொள்ளும் நேரம்தான் செலவு.

## தானியங்கித் தேர்வு

ஸ்டெபிலைசேஷன் வரைபடத்தில் மனிதன் தூணைப் பார்க்கும் வேலையைக் கொத்தாக்க அல்காரிதம் செய்கிறது. முதலில் எதிர்க்குறி டேம்பிங், 20 சதவீதத்தைத் தாண்டிய டேம்பிங் போன்றவற்றைக் கழிக்கிறது. மிச்சமுள்ள போல்களை அதிர்வெண் வித்தியாசமும் வடிவ வித்தியாசமும் சேர்ந்த தூரத்தை வைத்துக் கொத்தாக்குகிறது. பெரிய கொத்துகள் மோடுகள், சின்னவை இரைச்சல். போர்ட்டோ நகரின் இன்ஃபான்ட்டே பாலத்தில் 2007 முதல் ஓடிய கண்காணிப்பில் இந்த வகை முறைதான் பயன்பட்டது.

தானாக என்ற சொல்லை நம்பி மயங்க வேண்டாம். எவ்வளவு தூரம் வரை ஒரே கொத்து, எத்தனை புள்ளி இருந்தால் பெரிய கொத்து என்பதை யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தூர எல்லையைத் தளர்த்தினால் நெருக்கமான இரண்டு மோடுகள் ஒன்றாகிவிடும். இறுக்கினால் ஒன்று இரண்டாகும். எல்லோருக்கும் ஒரே விடை வரும் என்பது உண்மை. அந்த ஒரே விடை தவறாகவும் இருக்கலாம்.

ஒற்றை அளவுக்கு, அதுவும் ப்ராஜெக்டுக்கு, இது வேண்டாம் என்றுதான் சொல்வேன். வரைபடத்தைக் கண்ணால் படிக்கக் கற்கும் வாய்ப்பையே அது எடுத்துவிடுகிறது. மாதக்கணக்கில் ஓடும் கண்காணிப்புக்கு மாற்று இல்லை. ஸ்விட்சர்லாந்தின் இசட்24 பாலத்தை 1998-இல் இடிப்பதற்கு முன் ஏறத்தாழ ஓராண்டு அளந்தார்கள். குளிரில் உறைந்த தார்த்தளம் விறைத்து அதிர்வெண்ணை உயர்த்தியது அந்தத் தொடர் அளவில்தான் தெரிந்தது. இங்கே உறைபனி இல்லை, ஆனால் வெயிலில் எஃகு நீளும், உப்புக்காற்றில் துருப்பிடித்த பேரிங் நகராமல் இறுகும். அந்த மாற்றங்களைச் சேதத்திலிருந்து பிரிக்க ஒரு வருடத் தரவாவது வேண்டும்.

## பக்கத்தில் பக்கமாக

| | எதற்கு நல்லது | எங்கே ஏமாற்றும் | மறைவான செலவு |
|---|---|---|---|
| சிகரம் பொறுக்கல் | இன்ஜின் பெட், தனித்து நிற்கும் மோடு | நெருக்கமான மோடுகள், டேம்பிங் | நீண்ட நேரத் தரவு |
| சிங்குலர் வளைவு | இறங்குதுறை, மேடை, வடிவம் | வளைவுகள் குறுக்கிடும் இடம் | இரண்டாம் குறிப்புப் புள்ளி |
| ஸ்டெபிலைசேஷன் | டேம்பிங், நெருக்கமான மோடுகள் | பிளந்த தூண், ஆளுக்கு ஆள் மாறும் எண் | கற்கும் காலம் |
| தானியங்கி | நீண்டகாலக் கண்காணிப்பு | தவறான எல்லை மதிப்பு | எல்லையைச் சரிபார்க்கும் கைவேலை |

## எதைத் தேர்ந்தாலும் தப்ப முடியாத சோதனைகள்

மோடு போல நடிக்கும் இயந்திர ஒலி முதல் எதிரி. பக்கத்தில் ஜெனரேட்டரோ ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரஸரோ ஓடினால், அதன் சுழற்சி அதிர்வெண் நாலு முறைகளிலும் அழகான மோடாகத் தெரியும். டேம்பிங் பூச்சியத்தை ஒட்டி வந்தால் சந்தேகப்படுங்கள். அந்த அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் வடிகட்டிய தரவின் கர்டோசிஸ் (மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று சொல்லும் எண்) பாருங்கள்: உண்மையான மோடுக்கு 3-ஐ ஒட்டி வரும், இயந்திரத்தின் சைன் அலைக்கு 1.5-ஐ ஒட்டி வரும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி அளக்க முடிந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

இரண்டாவது, சென்சார் வைத்த இடம். இது முறையைவிடப் பெரிய விஷயம். இரு முனையிலும் தாங்கிய ஒரு கர்டரில் (நீள உத்தரம்) கால், அரை, முக்கால் தூரத்தில் மூன்று சென்சார் வைத்ததாக வையுங்கள். நாலாவது வளைவு மோடுக்கு அந்த மூன்று இடமும் அசையாப் புள்ளிகள். எந்த முறையாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவதும் ஐந்தாவதும் அந்த மூன்று இடத்தில் ஒரே வடிவமாகத் தெரியும். 1982-இல் ஆல்மேங்கும் பிரவுனும் தந்த மேக் எண்ணை (இரண்டு வடிவங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 0 முதல் 1 வரை சொல்வது) இரண்டுக்கும் இடையே போட்டால் 1 வரும். பார்ப்பவர் ஒன்றைப் பிளவு என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுவார். சமதூரத்தில் அழகாக வைக்காமல் சற்றுக் கோணலாக வையுங்கள், எண்ணிக்கையையும் கூட்டுங்கள்.

வடிவத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே கட்டத்திலோ (ஒரே நேரத்தில் ஒரே பக்கமாக) நேரெதிர்க் கட்டத்திலோ ஆட வேண்டும் என்பது இன்னொரு வடிகட்டி. எஃகுப் பாலத்துக்குச் சரி. ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த இன்ஜினும் மரப்பலகையும் சேர்ந்த படகில் உண்மையான மோடுக்கே கட்டம் சிதறும். அங்கே இந்த வடிகட்டியை இறுக்கிப் பிடித்தால் நல்ல மோடுகள் போய்விடும்.

## இங்கே அடிக்கடி வரும் மூன்று வேலைகள்

படகின் இன்ஜின் பெட்டுக்கு: சுத்தியல், சிகரம் பொறுக்கல், முடிந்தது. இன்ஜினை ஓட்டி ஆர்பிஎம்மை மெல்ல ஏற்றி ஒரு அளவு எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆர்பிஎம்மோடு நகரும் சிகரம் இன்ஜினுடையது, நகராதது பெட்டினுடையது.

இறங்குதுறைக்கு: எஃப்டிடியில் தொடங்குங்கள். அடிப்படை அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ் என்றால் அதன் அலைவு நேரத்தைப்போல 2000 மடங்கு, அதாவது 17 நிமிடத்துக்குக் குறையாமல் ஒரு தொடர் பதிவு வேண்டும். அரை மணி நேரம் வைத்தால் நல்லது. இரண்டாம் வளைவு எழுந்து நின்றாலோ டேம்பிங் கேட்கப்பட்டாலோ, அதே தரவை எஸ்எஸ்ஐக்குக் கொண்டுபோகலாம்.

பாலத்துக்கு: தொடர் கண்காணிப்பு என்றால் தானியங்கிதான், ஆனால் தேர்வு தொடங்கும் முன்பே தரவைப் பிரிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 72.5 மீட்டர் தூக்கு ஸ்பான் 17 மீட்டர் வரை எழும்பும். தாழ்ந்து பேரிங்கில் அமர்ந்திருக்கும்போது அது ஒரு கட்டமைப்பு, கம்பி வடத்தில் தொங்கும்போது இன்னொன்று, மேலே ரயில் நிற்கும்போது நிறை கூடிய மூன்றாவது. மூன்றையும் ஒரே கொத்தாக்கத்தில் போட்டால் வரும் மோடுகள் எந்த நிலைக்கும் உரியவையாக இருக்காது. ரயில் கடைசிப் பெட்டி வரை கடந்தபின் வரும் தணியும் அதிர்வை மட்டும் தனியாக வெட்டி எடுப்பது நல்லது. அங்கே விசை இல்லை, நிறை மாறுவதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் முதலில் சில வரைபடங்களைக் கையால் படித்து, எந்தத் தூண்கள் நிலையானவை என்று எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்துவரும்படி கொத்தின் எல்லை மதிப்பை அமைத்த பிறகு இயந்திரத்திடம் ஒப்படையுங்கள்.